கார்டு வண்டிக்கு முந்தின பெட்டி

கொருக்குப்பேட்டை கேட் மூடியாச்சு.
பைக்கை அணைத்துவிட்டு வெலிங்டன்
முன்னால் நிற்கும் தண்ணி லாரியைத் திட்ட ஆரம்பித்தான்.
பின்சீட்டில் நான்
நோட்டைப் பிரித்தேன்.

ஓ-தோ-ரி-நோ-லா-ரின்-கோ-யா-த்ரா.

காது மூக்கு தொண்டை டாக்டரை
இத்தாலியில் இப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.
கூப்பிட்டு முடிப்பதற்குள்
தொண்டை தானாகவே ஆறிவிடும்.

சரக்கு ரயில் வந்தது.
ஒன்பது பெட்டிக்கு ஒரு டாக்டர் என்று
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
பாரம் பெரும்பாலும்
கார்டு வண்டிக்கு முந்தின பெட்டியில் விழும்,
இது ஓர்னெல்லா டீச்சர் கொடுத்த கணக்கு.
பெரும்பாலும்.
அந்த ஒரு சொல்தான்
ஆறு மாசமாக என்னைப் படுத்துகிறது.

ஆன்-கொ-ரா. முதல் பெட்டியில் ஏற்றினால் நங்கூரம்.
அன்-கோ-ரா. அடுத்ததில் ஏற்றினால் 'இன்னும்'.
மாதிரித் தேர்வில்
கட்டிலில் கிடப்பவரிடம்
'இன்னும் வலிக்கிறதா' என்று கேட்கச் சொன்னார்கள்.
'நங்கூரம் வலிக்கிறதா' என்று கேட்டுவைத்தேன்.
திரையில் மூன்று பேர் சிரித்தார்கள்.
காசிமேட்டில் கேட்டிருந்தால்
யாராவது ஆமாம் என்றிருப்பார்கள்.

எங்கள் பக்கம் அசையை முழுங்கிப் பழக்கம்.
'இழுத்துக்கொண்டு' என்று பரீட்சையில் எழுதிவிட்டு
'இஸ்துகினு' என்று வெளியே வருவோம்.
நடுவில் காணாமல் போன எழுத்துக்களுக்காக
யாரும் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததில்லை.
இந்த மொழியோ
ஷேர் ஆட்டோக்காரன் மாதிரி
தலைக்குத் தலை காசு கேட்கிறது,
மடியில் உட்கார்ந்த குழந்தைக்கும் சேர்த்து.

இரட்டை எழுத்தில் மட்டும் எனக்கு முழு மார்க்.
சேத்-தே என்றால் ஏழு, சே-தே என்றால் தாகம்.
படமும் பட்டமும் தெரிந்தவளுக்கு
இதென்ன பெரிய விஷயம்?
ஆனால் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டேன்.
ஓஸ்-பெ-தா-லே என்று வெட்டினால் தப்பு,
ஓ-ஸ்பெ-தா-லே.
அந்த 'ஸ்' பின்னால் வருகிறவளோடுதான் போகுமாம்.

ஸ்டான்லியில் ராத்திரி மூன்று மணி.
டிரிப் சொட்டுக்கு ஓர் அசை வைத்து முணுமுணுத்தேன்.
முப்பத்தாறாம் கட்டில்காரர் கண் திறந்தார்.
"இன்னா சிஸ்டர், ஜெபமா?"
ஆமாம், தூங்குங்க.

போன வியாழன் ஓர்னெல்லா கேட்டாள்:
உன் பெயரில் பாரம் எங்கே?

எங்கேயும் இல்லையே.
நிரை நேர் நிரை என்று
ஒன்பதாம் வகுப்பில் அலகிட்டிருக்கிறேன்,
எடை போட்டதில்லை.
குழாயடியிலிருந்து அம்மா கடைசி எழுத்தை இழுப்பாள்.
வெலிங்டன் 'அமலு' என்று
பாதி வழியிலேயே இறங்கிவிடுவான்.
பாஸ்போர்ட் ஆபீசில்
கவுண்டர் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நான் விழிப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்,
விதிப்படி,
கார்டு வண்டிக்கு முந்தின பெட்டியில் ஏற்றி,
ஏற்றிய கனத்தில் அது நீண்டுபோக:
அ-ம-லோர்-பா-வம்.

மாசில்லாப் பிறப்பு என்று
ராயபுரம் கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்.
ஒரு துணைக்கால் சேர்ந்ததும்
மாசில்லாப் பாவம்.

திருத்த வாயெடுத்தேன்.
டிசம்பரில் ஜேனொவா.
(அதில் பாரம் முதல் பெட்டியில். பெரும்பாலும்!)
அங்கே ஏதோ ஒரு வார்டில்
ஏதோ ஒரு கட்டில் இப்படித்தான் கூப்பிடும்.
திரும்பிப் பார்க்கப் பழகணும்.
சரியாச் சொன்னீங்க டீச்சர், என்றேன்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன்.
"இன்னாமே முணுமுணுக்கற?"
"என் பேரைச் சொல்லேன். முழுசா."
"லூசாமே நீ?"
சொல்லு.

கல்யாண மேடையில் ஒருமுறை சொன்னது,
அதுவும் சாமியார் சொல்லச் சொல்ல.
கிளட்சை விட்டு, தொண்டையைச் செருமி,
"அமலோற்"
தண்டவாளம் எங்கள் இரண்டு பேரையும்
ஒருசேரத் தூக்கிப் போட்டது
"பவம். போதுமா?"

நோட்டில் கிறுக்கலாகக் குறித்துக்கொண்டேன்:
மூணாவது பெட்டி.